கீமோ வார்டில் காத்திருக்கும் நேரம்: மைண்ட்ஃபுல்னெஸ் எதற்கு உதவும், எதற்கு உதவாது

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், நான்காவது கீமோ முடிந்திருக்கிறது. இவர் ஒரே மகள். ஐடி வேலை, எட்டு வயதில் ஒரு மகன். சரியான தூக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் மகனிடம் எரிந்து விழுகிறார். தோழி சொன்னாள் என்று ஒரு ஆப்பை இறக்கி, பத்து நிமிடம் மூச்சைக் கவனித்துப் பார்த்திருக்கிறார். "மனசு அமைதியாகும் என்றார்கள். எனக்கு இன்னும் மோசமாக ஓடுகிறது. மைண்ட்ஃபுல்னெஸ் எனக்கு ஒத்துவராதா? இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு மூச்சைக் கவனிப்பது என்ன செய்துவிடும்?"

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் மனம் புதிதாக மோசமாகவில்லை. வழக்கமாக ஓடுகிற வேகத்தில்தான் ஓடியிருக்கும். மின்விசிறி நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் ராத்திரி டிவியை அணைத்த பிறகுதான் அது நம் காதில் விழுகிறது. அது மாதிரிதான் இதுவும். அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு பேர், 2010-ல் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நாளின் பல நேரங்களில் "இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள்" என்று கேட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் கை ஒன்றைச் செய்ய மனம் வேறெங்கோ இருந்தது. அவர்கள் வீட்டில் எல்லாம் கீமோ நடந்துகொண்டிருக்கவில்லை. சாதாரண நாளிலேயே பாதி நேரம் ஓடுகிற மனம் உங்கள் வீட்டு நிலைமையில் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். மனம் ஓடுவதைப் பார்த்தீர்களே, பயிற்சியே அந்தப் பார்வையில்தான் தொடங்குகிறது.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று சொல்வது, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'ஸதி'. சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி. நேர்ப்பொருள் நினைவு. 19-ஆம் நூற்றாண்டில் பாலி நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள்தான் அதற்கு இந்த ஆங்கிலச் சொல்லை வைத்தார்கள். தமிழில் மனவிழிப்பு, விழிப்புநிலை என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ நம் 'நினைவு' என்ற சொல்லே போதும் என்று படுகிறது. ஒருவர் மயங்கி விழுந்தால் 'நினைவு தப்பிவிட்டது' என்கிறோம், தண்ணீர் தெளித்து எழுப்பினால் 'நினைவு வந்துவிட்டது' என்கிறோம். பழசை ஞாபகம் வைத்திருப்பதற்கும், இப்போது இங்கே இருப்பதற்கும் நமக்கு ஒரே சொல். பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகு 'ஏதோ நினைப்பில் இருந்துட்டேன்' என்று சொல்கிறோமே, அந்த நினைப்பிலிருந்து நினைவுக்குத் திரும்பி வருவதுதான் மொத்தப் பயிற்சியும். மனசை வெற்றிடமாக்குவது இதில் எங்கும் கிடையாது.

சரி, பெரிய கஷ்டத்துக்கு இது என்ன செய்யும்?

புத்தர் சொன்ன ஓர் உவமை இருக்கிறது. ஒருவன் மேல் அம்பு பாய்கிறது, வலிக்கிறது. அந்த வலியை நினைத்துப் புலம்பி, பயந்து, ஆத்திரப்பட்டு இரண்டாவது அம்பையும் அவன் வாங்கிக்கொள்கிறான். பயின்றவன் மேலும் முதல் அம்பு பாயும். இரண்டாவது பாயாது. உங்கள் வீட்டில் முதல் அம்பு அம்மாவின் நோய். முடி கொட்டுவது, வாய்ப்புண், மருத்துவச் செலவு, ரத்த அணுக்கள் குறைந்ததால் தள்ளிப்போகிற அடுத்த சுற்று, எல்லாம் முதல் அம்பைச் சேர்ந்தவை. எந்தத் தியானமும் அதைத் தொடாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, 'அப்பவே மேமோகிராம் எடுக்கச் சொல்லியிருக்கணும், எல்லாம் என் தப்பு' என்று ஓட்டுகிறீர்களே, அது இரண்டாவது. அந்த நேரத்தில் அம்மா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு அம்பையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இதனால் கிடைக்கும் உதவி. அது கொஞ்சம்தான் என்று தோன்றலாம். என் அனுபவத்தில் பாதிச் சுமை இரண்டாவது அம்பில்தான் இருக்கிறது.

இதை மருத்துவமனைக்குள் முதலில் முறையாகக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். மூலக்கூறு உயிரியல் படித்தவர். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், டாக்டர்கள் 'இதற்கு மேல் எங்களால் செய்ய ஒன்றுமில்லை' என்று விட்டுவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களை வைத்து, இன்று எட்டு வாரமாக நடக்கும் பயிற்சியைத் தொடங்கினார். வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சி. வலியை விரட்டச் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு கால் விரலிலிருந்து தலை வரை உடம்பில் ஒவ்வொரு இடமாகக் கவனிக்கச் சொன்னார், வலிக்கிற இடம் உட்பட. அப்படிப் பார்க்கும்போது 'முதுகுவலி' என்று ஒரே கட்டியாகத் தெரிந்தது உள்ளே பல துண்டாக இருக்கிறது. கொஞ்சம் சூடு, கொஞ்சம் இழுப்பு, நடுவே வலியே இல்லாத சில நொடிகள், அதோடு ஒட்டிக்கொண்டு 'இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான்' என்றொரு எண்ணம். அந்த எண்ணம் முதுகில் இல்லை.

நான் பதினோரு வருடமாக வலிக்காரர்களோடும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரோடும் இந்த எட்டு வாரப் பயிற்சியைச் செய்துவருகிறேன். முதல் வகுப்பில் மேலை நாட்டில் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்து மெதுவாகச் சாப்பிடச் சொல்வார்கள். நான் நெல்லிக்காய் கொடுப்பேன். கையில் வைத்து வரிகளைப் பார்த்து, முகர்ந்து, ஒரு கடி கடித்து, புளிப்பும் துவர்ப்பும் நாக்கில் எங்கே பிடிக்கிறது என்று கவனித்து, அப்புறம் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் இனிக்கும்போது எல்லார் முகமும் மாறும். சின்ன வயதிலிருந்து தெரிந்த இனிப்புதான், ஆனால் கடைசியாக எப்போது அதைக் கவனித்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒருமுறை கணவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஆறு மாசமா சாப்பாட்டுக்கு ருசியே தெரியலைன்னு நினைச்சேன், நான்தான் அங்க இல்லை போல" என்றார்.

உங்களுக்கு முக்கால் மணி நேரமெல்லாம் இப்போது கிடைக்காது. தேவையும் இல்லை. தனியாக நேரம் ஒதுக்குவதற்குப் பதில், ஏற்கெனவே செய்கிற வேலையில் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வாய் காபி ஒன்று. கையில் டம்ளரின் சூடு, வாசனை, தொண்டையில் இறங்குவது, அவ்வளவுதான், இரண்டு நிமிடம். போன் வேறு அறையில் இருக்கட்டும், இது முக்கியம். இன்னொன்று பாத்திரம் தேய்ப்பது. தண்ணீரின் குளிர்ச்சி, சோப்பின் வழுக்கல், தட்டில் விரல் போகும் சத்தம். நடுவில் மனசு ஆஸ்பத்திரி பில்லுக்குப் போகும். போகட்டும். 'பில்லுக்குப் போயிடுச்சு' என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பத் தட்டுக்கு வாருங்கள். பத்து நிமிடத்தில் முப்பது முறை போனால் முப்பது முறை திரும்பி வருகிறீர்கள். கண்டிப்பாகத் திட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. உங்கள் பையன் கைவிட்டு ஓடினால் தெருவில் போய்க் கூட்டிக்கொண்டு வருவீர்களே, அந்த மாதிரி.

உங்களுக்கு மூச்சு சரிப்படவில்லை என்று நினைக்கிறேன். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: படபடப்பு இருப்பவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மூச்சைக் கவனித்தால் சில சமயம் படபடப்பு ஏறும். மூச்சு கட்டாயம் இல்லை. பாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி, தரை பாதத்தில் எங்கெல்லாம் படுகிறது, குதிகாலில் எவ்வளவு எடை இருக்கிறது என்று பாருங்கள். நடக்கும்போதும் செய்யலாம், ஆஸ்பத்திரி நடைபாதையில் யாருக்கும் தெரியவும் தெரியாது. வெளியே கேட்கும் சத்தங்களையும் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோ, காக்கா, பக்கத்து வீட்டுக் குக்கர் என்று காதில் விழுவதை விழுந்த வரிசையில் கேட்டாலே போதும்.

அவசரத்துக்கு ஒன்று சொல்லித் தருகிறேன். மூன்று நிமிடம், மூன்று படி. முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது: என்ன எண்ணம் ஓடுகிறது, என்ன உணர்ச்சி, உடம்பில் எங்கே இறுகியிருக்கிறது. பேர் சொல்லுங்கள், 'பயம் இருக்கு, வயிறு பிசையுது'. 'நான் பயந்தாங்கொள்ளி' என்று போகாதீர்கள், 'பயம் இருக்கு', அத்தோடு நிறுத்துங்கள். அடுத்து, கவனம் முழுவதையும் பாதத்திலோ மூச்சிலோ குவித்து ஒரு நிமிடம். கடைசியாக, அங்கிருந்து உடம்பு முழுக்க, பிறகு அறை முழுக்கக் கவனத்தை விரித்து, அதற்கப்புறம் செய்ய வேண்டிய வேலையைச் செய்வது. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக டாக்டர் அறை வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று, அன்றைக்குத்தான் முதல்முறை என்றால் வராது. காபியிலும் பாத்திரத்திலும் பழகியிருக்க வேண்டும். கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியூவில் பத்தொன்பது நாள் இருந்தார். காலை பதினொன்று, மாலை ஐந்து, இரண்டு முறைதான் உள்ளே விடுவார்கள், ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம். முதல் வாரம் அந்தப் பதினைந்து நிமிடத்தையும் நான் மானிட்டரையே பார்த்துக் கழித்தேன். பிபி எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு, நேற்று எவ்வளவு இருந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டே இவ்வளவும் செய்கிறேன், ஆனால் அந்தக் கை சூடாக இருந்ததா ஜில்லென்று இருந்ததா என்று வெளியே வந்த பிறகு எனக்குத் தெரியவில்லை. நான் இதையெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அன்று மாலை உள்ளே போய் மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உள்ளங்கையில் பம்பரக் கயிறு இழுத்த பழைய காய்ப்பு ஒன்று அவருக்கு உண்டு, அதைத் தடவிக்கொண்டு பதினைந்து நிமிடமும் இருந்தேன். அழுகை வந்தது. அந்த அழுகை ராத்திரி இரண்டு மணி அழுகையிலிருந்து வேறு. அதற்கு அப்பாதான் காரணம், என் கற்பனை காரணம் இல்லை. அவர் பிழைக்கவில்லை. அந்தப் பத்துப் பதினோரு நாளில் அவரோடு இருந்த பதினைந்து நிமிடங்கள் எனக்கு இன்றும் ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கின்றன. முதல் வாரத்து எண்கள் ஒன்றுகூட இல்லை.

பெரிய கஷ்டம் என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான், அதை நீங்களும் இந்நேரம் கண்டுகொண்டிருப்பீர்கள். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவர்களை உலகமே பார்த்தது. ஜூன் 23-ஆம் தேதி உள்ளே போனவர்கள், வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 2-ஆம் தேதி பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் தேடிப் போனபோது இருட்டில் ஒரு மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கூட இருந்த 25 வயதுப் பயிற்சியாளர், சின்ன வயதிலிருந்து பல ஆண்டுகள் புத்த மடத்தில் இருந்தவர். பையன்களைத் தியானத்தில் உட்கார வைத்திருக்கிறார், அலைந்து சக்தியைச் செலவழிக்காமல், ஒருவர் பயம் அடுத்தவருக்குத் தொற்றாமல். ஜூலை 10-க்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். தியானம் குகையைத் திறக்கவில்லை. திறந்தது முக்குளிப்பாளர்களும், தண்ணீர் இறைக்கும் பம்புகளும், மயக்க மருந்து கொடுத்த டாக்டரும். உள்ளே பிராணவாயு சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு முன்னாள் கடற்படை வீரர் உயிரையே கொடுத்தார். தியானம் செய்தது ஒன்றுதான், அவர்கள் வந்து சேரும் வரை பையன்களைக் காத்திருக்க வைத்தது. அம்மாவின் உடம்பில் வேலை செய்வது கீமோ. அதற்கான நாட்களை நீங்களும் அவரும் கடந்தாக வேண்டும், அதற்குத்தான் இது.

அதனால் 'தியானம் செய்தால் புற்றுநோய் கரையும், மருந்தே வேண்டாம்' என்று யாராவது உறவினர் வீடியோ அனுப்பினால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அம்மாவின் கண்ணில் படாமல் இருப்பது நல்லது, 'நான் சரியாத் தியானம் பண்ணலை, அதான்' என்று அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள அது போதும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் தியானப் பயிற்சி பற்றிய 47 மருத்துவச் சோதனைகளை, மொத்தம் 3,515 பேர், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பலன் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து குணமானவர்களுக்குத் திரும்ப வராமல் தடுப்பதில் இந்தப் பயிற்சிக்கு நல்ல பெயர் உண்டு. 2000-ல் வந்த முதல் பெரிய சோதனையில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது, பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டியில் 2004-லிருந்து இது இடம்பெற்றிருக்கிறது. 2022-ல் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை வைத்து, எட்டு வார வகுப்பையும், பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உதவின. அதே ஆண்டு பிரிட்டனில் 80-க்கு மேற்பட்ட பள்ளிகளில் 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக வைத்துப் பார்த்ததில் சொல்லும்படி பலன் எதுவும் இல்லை. கஷ்டம் இருந்து, தானாக வேண்டும் என்று வந்து, வீட்டில் தினமும் செய்கிறவர்களுக்குத்தான் இது பிடிக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பையனை உங்களோடு வலுக்கட்டாயமாக உட்கார வைக்காதீர்கள்.

யாராவது உங்களைப் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்வரச் சொல்வார்கள். எனக்கு அந்த மரபின் மேல் மிகுந்த மரியாதை. அதைப் பரப்பிய கோயங்கா, பர்மாவில் கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், 1955-ல் அரசுக் கணக்குத் துறை அதிகாரியாக இருந்த ஊ பா கின்னிடம் போய்க் கற்றுக்கொண்டு, 1969-ல் இங்கே கொண்டுவந்தார். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் அவர்கள் மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணியிலிருந்து, பேச்சில்லாமல், பத்து நாள். தூக்கம் கெட்டு, அம்மாவை விட்டுவிட்டு, இந்த நிலையில் வேண்டாம். சிகிச்சை முடிந்து நீங்கள் தேறிய பிறகு ஆசை இருந்தால் போங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடினால் பழைய விபத்தோ வன்முறையோ கண்முன் திரும்ப வந்தால், உடம்பு உங்களுடையது இல்லை போலத் தோன்றினால், குரல்கள் கேட்டால், நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இது பலவீனம் இல்லை, சிலருக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை தொடர்ந்தாலும், எதிலும் பிடிப்பில்லாமல் போனாலும் அதே ஆலோசனை. 'செத்துப்போகலாம்' என்று ஒரு எண்ணம் வந்தால் அதைக் கவனித்துக்கொண்டு தனியாக உட்காராதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

மகனிடம் எரிந்து விழுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் தொட்டது அதுதான். கோபம் வாய்க்கு வருவதற்கு முன் உடம்புக்கு வருகிறது. சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும், எனக்குத் தோள் மேலே ஏறும். உங்களுக்கு எங்கே என்று ஒரு வாரம் பாருங்கள். தடுக்க வேண்டாம், கத்திய பிறகு திரும்பிப் பார்த்தாலும் போதும். இரண்டாம் வாரத்தில் கத்தும்போதே தெரியும். அப்புறம் ஒரு நாள் கத்துவதற்கு அரை நொடி முன்னால் தெரியும், அந்த அரை நொடியில் தண்ணீர் குடிக்கப் போகலாம். கத்திவிட்டால், "அம்மாவுக்குப் பாட்டியை நினைச்சுப் பயமா இருக்குடா, அதான் கத்திட்டேன்" என்று அவனிடம் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். அவனுக்கும் பயம் இருக்கிறது, வீட்டில் யாரும் பேசாததால் கேட்காமல் இருக்கிறான்.

அடுத்த கீமோ அன்று மருந்து இறங்கும் மூன்று நான்கு மணி நேரம் அம்மா பக்கத்தில்தான் இருப்பீர்கள். லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் மெயில் பார்க்க வேண்டியிருக்கும், பாருங்கள். ஒரே ஒரு பதினைந்து நிமிடம் மட்டும் அதை மூடி வைத்துவிட்டு, அம்மாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். கீமோவில் சருமம் ரொம்ப வறண்டுபோகும், எந்த எண்ணெய் தடவலாம் என்று நர்ஸிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போகிறதா, எந்த விரலில் தொட்டால் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே தேய்க்கலாம். அதை டாக்டரும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.